வலையில் வந்த வினைச்சொல்

புரட்டாசி பதினோராம் தேதி காலையில் எங்கள் கருவமேட்டுக் கரைவலையில் ஐந்து கூடை சூடைமீனும், இரண்டு சொறிமீனும், ஒரு ரப்பர் செருப்பும், இங்கிலாந்து தேசத்தில் எப்போதோ செத்துப்போன ஒரு வினைச்சொல்லும் வந்து சேர்ந்தன. செருப்பு இடதுகால் செருப்பு, யாருக்கும் உதவவில்லை. சொறிமீனைத் தொட்டால் அரிக்கும், குச்சியால் தள்ளிக் கடலிலேயே விட்டோம். சூடையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது தினமும் வருவதுதான். மிச்சம் இருந்ததைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பற்றித் தரங்கம்பாடிச் சந்தையில் சொல்லித் திரிவதில் பாதிக்குமேல் புளுகு.

இழுக்கும்போதே கனம் தெரிந்தது. இரண்டு கயிற்றிலுமாக இருபத்தாறு பேர், நான் வலதுகயிற்றில் நான்காவது ஆள், குதிகால் மணலில் புதைய, இடுப்புப் பட்டை தோலை அறுக்க, பொழுது கிளம்பியதிலிருந்து இழுத்து இழுத்து, வலையின் மடியைக் கரையேற்றி அவிழ்த்துக் கொட்டினால் ஐந்தே கூடை. அவ்வளவு கனமும் எங்கே போயிற்று என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கையில் என் கயிற்றின் முதல் ஆள் வைரக்கண்ணு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நிம்மு" என்றார். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்கு அடுத்து நின்றவன் வாயிலும் அதுதான் இருந்தது, எனக்கும் இருந்தது, துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல ஒரு ருசியோடு.

ஊர்த்தலைவரும் பங்கு பிரிப்பவருமான நாட்டார் கலியமூர்த்தி கொஞ்ச நேரம் யோசித்தார். வலையில் வந்தது எதுவானாலும் அதைப் பங்கு போடுவது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் பெரிய தேக்குமரம் வந்தது, இருபத்தேழு துண்டாக அறுத்தோம். இன்னொரு வருஷம் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ரேடியோ வந்தது, அதையும் கழற்றி இருபத்தேழு பேருக்குக் கொடுத்தோம். எனக்கு ஒரு ஸ்க்ரூவும் துண்டு வயரும் கிடைத்தன. ரேடியோ பாடவில்லையே என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பங்கு சரியாக வந்ததா என்றுதான் கேட்டோம்.

சொல்லையும் அப்படியே பங்கு போட்டார். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து அந்தச் சொல்லை ஒருதரம் வாய்விட்டுச் சொன்னோம். சொன்னதும் வாய்க்கனம் குறைந்து, புளியங்கொட்டை அளவுக்கு மட்டும் நாக்கின் அடியில் தங்கியது. இருபத்தாறு பெயரும் முடிந்ததும் நாட்டார் கடைசிப் பெயரைக் கூப்பிட்டார்.

"நாகூரான்!"

மீன் அரிந்துகொண்டிருந்த அஞ்சுகம் எழுந்து வந்து, "கடல்ல இருக்காரு மாமா" என்றாள்.

இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அஞ்சுகத்தின் புருஷன் நாகூரான் கடலுக்குப் போய் வரும் ஐப்பசியோடு மூன்று வருஷம். படகு மட்டும் தானாகக் கரைக்கு வந்தது, தூக்குவாளியில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது. உடல் கரையொதுங்காதவனைச் செத்தவன் என்று எங்கள் ஊரில் சொல்வதில்லை. கயிற்றில் அவன் இடத்தை விட்டுவைப்போம், பங்கையும் எடுத்துவைப்போம், பெயரைக் கூப்பிடும்போது பெண்டாட்டி வந்து "கடல்ல இருக்காரு" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருநாள் சொல்லவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவோம், அப்புறம் அவன் கருமாதி இல்லாமல் செத்தவன். அதனால் அஞ்சுகம் மூன்று வருஷமாக ஒருநாள்கூட ஊரைவிட்டுப் போகவில்லை. காரைக்காலில் நடந்த கூடப்பிறந்த தங்கை கல்யாணத்துக்கும் போகவில்லை. தாலியைக் கழற்றவும் முடியாது, பூ வைக்கவும் மனசு வராது. வாய்விட்டு அழக்கூட வழியில்லை, கடலில் இருப்பவனுக்காக யார் கூடி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள்? அவளுக்கு முப்பத்துநாலு வயது.

அன்றைக்கு அவள் புருஷன் பெயரால் அந்தச் சொல்லை ஒருதரம் சொல்லிப் பங்கை வாங்கிக்கொண்டாள். "இது அவரு பங்கு. வந்து அவரே எடுத்துக்கட்டும்" என்று வாயை மூடிக்கொண்டு போனவள், அதைத் தொடவே இல்லை.

மற்ற இருபத்தாறு பேரும் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. வைரக்கண்ணு பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடி, எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த தீப்பெட்டியைப் பார்த்து, வாயில் வந்ததே என்று "நிம்மு" என்றார், தீப்பெட்டி அவர் மடியில் இருந்தது. மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று. பார்த்துச் சொன்னால் போதும், பொருள் சத்தமில்லாமல் கைக்கு வந்துவிடும், ஆனால் சின்னப் பொருளாக இருக்கவேண்டும். கரண்டி வரும், குடம் வராது. கத்தரிக்காய் வரும், பூசணிக்காய் அசைந்துகூடக் கொடுக்காது. ஒரு மாதத்துக்குள் எங்கள் கரண்டி எல்லாம் அடுத்த வீட்டிலும் அடுத்த வீட்டுச் சல்லடை எல்லாம் எங்கள் வீட்டிலும் இருந்தன. நாட்டாரின் மூக்குக்கண்ணாடி பதினொரு தடவை போயிற்று, அதில் இரண்டு தடவை நான். சண்டை வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், ஆனால் சண்டைக்குப் போகிறவன் இடுப்பிலும் எதிராளியின் சாவி இருந்ததால் யாரும் குரலை உயர்த்தவில்லை. கடைசியில் பஞ்சாயத்து கூடி, நிம்மிய பொருளை எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் படியில் கொண்டுவந்து வைத்துவிடவேண்டும், அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொள்ளவேண்டும், யார் வைத்தது என்று கேட்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அதன்பிறகு வெள்ளிக்கிழமை வந்தால் கோயில் படி பாத்திரக்கடை மாதிரி இருக்கும், பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே தங்கள் சாமானைப் பொறுக்குவார்கள், எங்களுக்கும் அது பழகிவிட்டது.

உண்மையாகவே பிரயோஜனம் அடைந்தது பக்கிரிசாமி ஒருத்தர்தான். விசைப்படகில் வேலைக்குப் போய் வலை சுற்றும் விஞ்சில் வலதுகை மாட்டித் தோளோடு போனவர், அப்புறமும் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வலை இழுப்பவர். அவர் "நிம்மு" என்றால் போன கையின் வேலையை அது செய்யும், சட்டைப் பொத்தான் தன் துளைக்குள் போகும், தட்டில் இருக்கும் மீன்முள் தானாக விலகி வரும், உயரத்தில் இருக்கும் தம்ளர் இறங்கி வரும். பதினாறு வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியைக் கூப்பிடாமல் சட்டை போட்டுக்கொண்ட அன்று அவர் கடற்கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் சும்மா நடந்தார்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை தரங்கம்பாடியிலிருந்து எஸ்தர் டீச்சர் நண்டு வாங்க ஸ்கூட்டியில் வந்தார். ஒரு காலேஜில் ஆங்கிலம் நடத்துகிறவர், அதிலும் ஆங்கில மொழியின் வரலாறு என்று எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காத பாடம். அஞ்சுகம்தான் அவருக்கு நண்டு உடைத்துக் கொடுப்பாள்.

"டீச்சர், ஒங்க கர்ச்சீப்ப எவனோ நிம்மிட்டான் பாருங்க. வெள்ளிக்கெழம கோயில்ல வந்து எடுத்துக்கங்க."

டீச்சர் அப்படியே நின்றார். "என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"நிம்மிட்டான்."

"கர்த்தரே! பதினாலு வருஷமா இத போர்டுல எழுதிப் போட்டுட்டு இருக்கேன், ஒரு மனுஷன் வாயால கேட்டதில்ல" என்று டீச்சர் ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் கூட்டம் கூடக் காரணம் வேண்டுமா, கூடிவிட்டோம். அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க, எங்கள் கரண்டியைக் களவாடுகிற இந்தப் பயல் லேசுப்பட்ட குடும்பத்துப் பிள்ளை இல்லை என்று தெரிந்தது.

"ஆதி இங்கிலீஷ்ல எடுக்கிறதுக்கும் வாங்கிக்கிறதுக்கும் இதான் சொல்லு. ராஜா ஊரை நிம்முவாரு. தாய் புள்ளைய ரெண்டு கையாலயும் நிம்முவா. அப்புறம் வடக்கேயிருந்து கப்பல்ல டேனிஷ்காரங்களும் அவங்க பங்காளிங்களும் வந்து எறங்குனாங்க. அவங்க பாஷையில எடுக்கிறதுக்கு வேற ஒரு சொல்லு இருந்துச்சு, இன்னிக்கு இங்கிலீஷ்ல 'டேக்'ங்கிறது. ஜனங்க கொஞ்சங்கொஞ்சமா அந்தச் சொல்லையே பேச ஆரம்பிச்சுட்டாங்க."

"யாரு, நம்ம தரங்கம்பாடியில கோட்டை கட்டுனாங்களே, அந்த டேனிஷா?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"அவங்களோட முப்பாட்டனுக்கு முப்பாட்டங்க."

எல்லோரும் உச்சுக்கொட்டினோம். விரட்டியவர்கள் கோட்டை கட்டியிருக்கும் கரைக்கே இது வந்து ஒதுங்கியிருக்கிறதே என்று பெண்களுக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது.

"எடம் போனப்புறம் எங்கதான் இருந்துச்சு?" என்றாள் ஒருத்தி.

"நாட்டுப்புறத்துல ரொம்ப நாள் கெடந்துச்சு. கடைசியா திருடங்களோட சேந்துடுச்சு, அவங்க பேச்சுல மட்டும் சின்னதா எதையாச்சும் களவாடுறதுன்னு அர்த்தம். அப்புறம் அவங்களும் விட்டுட்டாங்க."

"புள்ளகுட்டி உண்டா டீச்சர்?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு 'நிம்பிள்'னு, சுறுசுறுப்பைச் சொல்ற சொல்லு. இன்னொண்ணு 'நம்'னு, கை கால் மரத்துப்போறதைச் சொல்ற சொல்லு. ரெண்டும் இன்னிக்கும் நல்லா இருக்குதுங்க, யாருக்குப் பொறந்தோம்னுதான் தெரியாது." டீச்சர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "ஊரையே தூக்குன சொல்லு ஒங்ககிட்ட ஏன் கரண்டியோட நிக்குது?"

நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பங்கு போட்டுட்டோம்."

"சொல்லையா?"

"வலையில வந்துச்சுங்களே" என்றார் நாட்டார். எங்களுக்கு எல்லாம் அப்போதுதான் அந்த ரேடியோ ஞாபகம் வந்தது.

அஞ்சுகத்தின் கத்தி நின்றது. "பங்க எல்லாம் ஒண்ணா சேத்தா, டீச்சர்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பாடந்தானே நடத்துறேன். சேத்தா பழையபடி முழுசா இருக்கணும்."

"முழுசா இருந்தா ஒரு ஆள எடுக்குமா?"

எந்த ஆளை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நண்டை வாங்கிக்கொள்ளாமலே டீச்சர் போய்விட்டார், அப்புறம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பஞ்சாயத்தில் அஞ்சுகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எல்லாப் பங்கையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஒரு தடவை வலை இழுக்கவேண்டும். நாட்டார் வெளிப்படையாகவே சொன்னார்: "சேத்து வச்சுக் கடலப் பாத்துச் சொன்னா, அது கடலோடயே போயிரும்மா. அப்புறம் நம்மளுக்கு இல்ல. அவங்கவங்க பங்கு, அவங்கவங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்த முடியாது."

அவள் வீடு வீடாகப் போனாள். சிலபேர் உடனே சரி என்றார்கள், நானும்தான், ஆனால் சரி என்று சொன்ன பிறகு அன்று சாயங்காலமே நாட்டாரின் கண்ணாடியைக் கடைசியாக ஒருதரம் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். சிலபேருக்கு நாக்கடியில் அது காய்ந்து ஒட்டிப்போயிருந்தது, அவள் எதிரில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, ஈரமாக்கிவிட்டு எழுந்தாள். மதியழகன் மங்களூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், அவன் போனில் ஸ்பீக்கரில் சொல்வதாக ஒப்புக்கொண்டான். ஒன்பது நாளில் இருபத்தைந்து பங்கு சேர்ந்தது. பாக்கி பக்கிரிசாமி.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, ஒங்களுக்கெல்லாம் இது கரண்டி. எனக்கு இது கை."

"தெரியும்ண்ணே" என்றாள் அஞ்சுகம். வேறு எதையும் கேட்காமல் திரும்பி நடந்தாள். பள்ளிக்கூடத்துத் திருப்பம்வரை போனவளை அவர் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். சட்டையில் இரண்டு பொத்தான் போட்டும் மற்றது போடாமலும் இருந்தது.

"என் கை எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில குடுத்தாங்க, சுடுகாட்டு வேப்பமரத்துக்குக் கீழ நானே பொதச்சேன். ஒனக்கு அதுகூட இல்லியேம்மா. வர்றேன் போ."

தை மாதம் மூன்றாவது புதன்கிழமை விடிந்ததும் வலை வளைத்தோம். டீச்சர் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இடதுகயிற்றில் ஏழாவது இடம் நாகூரானுடையது, மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்தது. அங்கே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அஞ்சுகம் நின்றாள். பெண்கள் கரைவலைக் கயிற்றைப் பிடிப்பது வழக்கமில்லை, ஆனால் அவன் பங்கு அவள் வாயில்தானே இருந்தது. மதியழகனின் பெண்டாட்டி போனைக் கடல் பக்கமாக நீட்டிப் பிடித்தாள். வலை இழுக்கும்போது வழக்கமாகப் பாடும் அம்பாப்பாட்டு அன்றைக்கு இல்லை. நாட்டார் கையை உயர்த்தியதும், "நிம்மு" என்று ஒரே குரலாகச் சொல்லி இழுத்தோம், மறுபடியும் சொல்லி இழுத்தோம், சொல்லச் சொல்ல நாக்கடியில் இருந்தது கரைந்து கரைந்து கயிற்றில் இறங்கியது, கயிறு கனத்தது, கால் முழங்கால்வரை மணலில் இறங்கியது, பக்கிரிசாமி கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து கத்திக் கத்திச் சொன்னார், போனில் மங்களூரிலிருந்து ஒரு குரல் கொஞ்சம் பிந்திப் பிந்திச் சொல்லிக்கொண்டிருந்தது, வெயில் ஏறி எங்கள் வாய் வறண்டு வார்த்தை வெறும் காற்றாகப்போன நேரத்தில் வலையின் மடி அலைக்கு இந்தப்பக்கம் வந்தது.

மடியில் ஒன்றும் இல்லை. ஒரு சூடைகூட இல்லை. ஆனால் நைலான் வலை ஒரு ஆள் படுத்த அளவுக்குக் கீழே தொய்ந்திருந்தது.

"நீ போம்மா" என்றார் நாட்டார்.

அஞ்சுகம் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் நீட்டி, இத்தனை மாதமாகத் தொடாமல் வைத்திருந்த பங்கைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், முதல் வரிசையில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்டது. உடனே அவள் கை இரண்டும் கனத்தில் இறங்கின, முழங்கால் மடங்கிற்று, சமாளித்து நிமிர்ந்தாள். கைமேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் முழங்கைக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, ஒரு சேலைத் தண்ணீருக்கும் மேலாக, ஒரு ஆளை நனைத்த தண்ணீர். அவள் குனிந்து அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"எளச்சுப் போயிட்டாரு" என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, கோட்டைவரை கேட்டிருக்கும். பெண்கள் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே இறங்கி அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், டீச்சரும் செருப்பை எங்கேயோ போட்டுவிட்டு அழுதார்.

பாடை கட்டினோம். நான்கு பேர் போதும் என்று தூக்கினோம், ஆறு பேர் தேவைப்பட்டது, கடல்தண்ணீர் ஊறியிருந்தால் கனம் கூடத்தான் செய்யும். விவரம் எழுத வந்த கிராம நிர்வாக அலுவலர் பாடையில் பாய்தவிர எதுவும் இல்லையே என்றார். ஒரு பக்கம் பிடித்துப் பாருங்கள் சார் என்றோம். பிடித்துப் பார்த்தார், கீழே வைத்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், எழுதிக்கொண்டு போனார். வேப்பமரத்துக்குப் பக்கத்தில், பக்கிரிசாமியின் கைக்குக் கொஞ்சம் தள்ளி, புதைத்தோம். பதினாறாம் நாள் கருமாதிக்கு அஞ்சுகத்தின் தங்கை புருஷனோடும் கைக்குழந்தையோடும் காரைக்காலிலிருந்து வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எங்களிடம் ஒரு வேலையும் இல்லை. சொல்லிப் பார்த்தோம், வெறும் சத்தம். வீடுகளுக்கு மறுபடியும் பூட்டு வந்தது, வெள்ளிக்கிழமை கோயில் படி காலியாகக் கிடந்தது, நாட்டார் தன் கண்ணாடியைத் தானே தொலைக்க ஆரம்பித்தார். பக்கிரிசாமிக்குப் பெண்டாட்டி பொத்தானை எல்லாம் எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரே இழுப்பில் கழற்றலாம், அதுவும் சௌகரியம்தான் என்று சொல்லிக்கொண்டார். சந்தோஷமாகச் சொன்னார் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

அஞ்சுகத்துக்கு மட்டும் ஒன்று நடந்தது. முழங்கையிலிருந்து விரல்நுனிவரை இரண்டு கையும் மரத்துப்போயிற்று. வேலையெல்லாம் செய்யும், பிடிக்கும், அரியும், தூக்கும், ஆனால் கொதிக்கிற குழம்பு தெறித்தாலும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். அவள் வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நண்டு உடைத்துக் கொடுக்கும்போது டீச்சரிடம் அவளே சொன்னாள்.

"அதுக்கு ரெண்டு புள்ளைங்கன்னு சொன்னீங்கள்ல. ஒண்ணு என்கிட்டதான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்."

டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அழுத்துவது தெரியாது என்பது ஞாபகம் வந்து, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

மாசி பிறந்து வலை மறுபடி நன்றாக ஓடியது. இடதுகயிற்றில் ஏழாவது இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு எழவில்லை, முதல்நாளே அவள் வந்து நின்றுகொண்டாள், இடுப்புப் பட்டையை நாங்களே எடுத்துக் கொடுத்தோம். அன்று எட்டுக் கூடை சூடை. நாட்டார் குவியல் குவியலாகப் பிரித்து, பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, எல்லாம் முடிந்ததும் வாய்ப்பழக்கத்தில், "நாகூரான்!" என்று கூப்பிட்டுவிட்டார்.

அஞ்சுகம் எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு மேலாகச் சொன்ன பதில் அவளிடம் இல்லை. நாட்டார் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, எங்கள் ஊர் வலையில் இதுவரைக்கும் யாரும் கூப்பிடாத ஒரு பெயரைக் கூப்பிட்டார்.

"அஞ்சுகம்!"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள். கை பிடித்திருக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இருக்கேன் மாமா" என்றாள்.